நமக்குத் தெரிந்திருக்கட்டும்: இலவச இணைய முகவரி



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 1983இல் சிறுமியாகப் பெற்றோருடன் வன்னிக்குப் போனவர். யுத்தம் முடிந்தபின் கணவரை இழந்து, பிள்ளைகளுடன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பினார். இப்போது ஐந்து பெண்கள் சேர்ந்து துணிப்பை தைக்கிறார்கள். எல்லவுக்கு வரும் வெளிநாட்டவர்கள் விரும்பி வாங்குகிறார்களாம். "இணையத்தளம் ஒன்று செய்து, முகவரியை ஒவ்வொரு பையின் லேபலிலும் அச்சடிக்க நினைக்கிறோம். தெரிந்த தம்பி ஒருவர் இலவசமாகவே முகவரி எடுத்துத் தருகிறார். ஆயிரம் லேபல் அடிக்கலாமா அக்கா?" என்று கேட்கிறார்.

அடிக்க முன் கேட்டீர்களே, நல்ல காரியம்.

லயத்துக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். நான்கு தலைமுறை இருந்திருப்போம், வாசலில் பூங்கன்று வைத்திருப்போம். ஆனால் உறுதி நம் பெயரில் இல்லை. இலவச முகவரியும் அப்படித்தான். பாவிக்க விடுவார்கள், சொந்தமாகத் தரமாட்டார்கள்.

பசிபிக் கடலில் டோக்கெலாவ் என்று மூன்று பவளத் தீவுகள் உள்ளன. சனத்தொகை சுமார் 1,500. நமக்கு '.எல்கே' போல அவர்களுக்கு '.டிகே'. 'ஃப்ரீநொம்' என்ற கம்பனி அதையும், மாலி, காபோன் போன்ற ஆபிரிக்க நாடுகளின் முடிவெழுத்துகளையும் இலவசமாகக் கொடுத்தது. ஒருகாலத்தில் அந்தக் குட்டித் தீவின் பெயரில் 2 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் இருந்தன! ஆனால் பதிந்தவர் உரிமையாளர் அல்ல. முடிவுத் திகதிக்கு முந்திய 14 நாட்களுக்குள் புதுப்பிக்க மறந்தால் முகவரி கைவிட்டுப் போகும். இலவசம் என்றதும் மோசடிக்காரரும் குவிந்தார்கள். 2022 டிசம்பரில் பேஸ்புக்கின் தாய்க் கம்பனி மெட்டா வழக்குத் தொடுத்தது. 2023 ஜனவரியில் புதுப் பதிவு நின்றது. அந்த ஆண்டிலேயே காபோனும் மாலியும் தங்கள் முடிவெழுத்துகளைத் திருப்பி எடுத்துக்கொண்டன. 2024 பெப்ரவரியில் இத்தொழிலையே விடுவதாக ஃப்ரீநொம் அறிவித்தது. நேர்மையாகப் பாவித்தவர்களும் சேர்ந்தே நடுவழியில் நின்றார்கள்.

பெரிய கம்பனி என்றால் பயமில்லை என்றும் சொல்வதற்கில்லை. யாஹூவின் ஜியோசிற்றீஸில் இலவசப் பக்கம் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். 2009 ஒக்டோபரில் அதையும் மூடினார்கள்.

இன்னொன்று. கைவிட்டுப்போன முகவரியை வேறு யாரும் எடுக்கலாம். உங்கள் பையில் இருக்கும் முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்தால், வாங்கியவர் உங்களைத்தானே தப்பாக நினைப்பார்?

சும்மா பழகிப் பார்க்க இலவசம் போதும். அச்சடிப்பதற்கு அது வேண்டாம். ஐவரும் மாதாமாதம் சிறுதொகை போட்டு '.எல்கே' முகவரி ஒன்று எடுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ் 1990இல் தொடக்கிவைத்த பதிவகம் அது. 2010 முதல் தமிழிலேயே '.இலங்கை' என்றும் உண்டு. வருடக் கட்டணம் கட்டத் தவறினால் இதுவும் போய்விடும். ஆகவே புதுப்பிக்கும் திகதியைச் சீட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பதிவு அந்தத் தம்பியின் பெயரில் வேண்டாம். நல்ல பிள்ளையாகவே இருக்கலாம், நாளைக்குக் கட்டாருக்குப் போய்விட்டால்? குழுவின் பெயரிலும் குழுவின் மின்னஞ்சலிலும் பதியுங்கள். கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நூறு லேபல் மட்டும் அடியுங்கள். அதில் கைத்தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.