கூடக் கிடைத்தால் பேசுமா குழந்தை?

மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவிலோ, தியாகராய நகர் பனகல் பூங்காவிலோ, அடையாறை அடுத்த பெசன்ட் நகர் கடற்கரையிலோ மாலை வேளையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். அங்கே ஒரு நீதிமன்றம் நடக்கிறது. வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. தீர்ப்பு மட்டும் உடனுக்குடன் கிடைத்துவிடுகிறது!

யார் கண்ணைப் பொத்திக்கொள்வது? 'சாட் பூட் த்ரீ' போட்டு முடிவு செய்கிறார்கள். மட்டை கொண்டு வந்த பையன், அவுட் ஆன பிறகும் மட்டையை விட மறுக்கிறான். உடனே "அழுகுணி ஆட்டம்!" என்று பத்துக் குரல்கள் எழும்புகின்றன. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த நாலு வயதுத் தம்பியை மட்டும் யாரும் விரட்டுவதில்லை. அவன் 'ஒப்புக்குச் சப்பாணி'. அவுட் ஆனாலும் அவனுக்கு ஆட்டம் உண்டு. எல்லோருக்கும் ஒரே சட்டம், எளியவனுக்குச் சலுகை. இதைவிடப் பெரிய நீதி நூல் வேறு என்ன வேண்டும்?

சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே, குழந்தைகளின் நியாய உணர்ச்சியை ஆராயப் புறப்பட்டபோது, சிறுவர்கள் கோலி விளையாடும் இடத்துக்குத்தான் போனார். 1932-ல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் பேசப்படுகிறது. சிறு குழந்தைக்குப் பெரியவர் சொல்வதே நியாயம். ஏழெட்டு வயதுக்குப் பிறகு, 'எல்லோருக்கும் சமம்' என்ற எண்ணம் ஓங்குகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் அவரவர் நிலைமையைப் பார்த்து நியாயம் சொல்லும் பக்குவம் வருகிறது. அதை வளர்ப்பது பெரியவர்களின் உபதேசம் அல்ல. ஒத்த வயதினருடன் கூடி விளையாடி, சண்டை போட்டு, சமாதானம் ஆவதுதான் என்பது அவர் முடிவு.

அண்ணன் தட்டில் இரண்டு வடை

மைதானத்திலிருந்து வீட்டுக்கு வருவோம். அண்ணன் தட்டில் இரண்டு வடை. தங்கை தட்டில் ஒன்று. "ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா?" என்று பாட்டி கேட்பதற்கு முன்பே தங்கை அழுது தீர்த்துவிடுகிறாள். இதைக் கண்டு, "குழந்தைக்கு என்ன நியாய புத்தி!" என்று நாம் மெச்சுகிறோம்.

ஆனால், அந்த அண்ணன் என்ன செய்தான்? தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது வடையைத் தின்று முடித்தான். அவனுடைய நியாய புத்தி எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவது போல் அமைந்தது ஓர் ஆராய்ச்சி. இந்தியா, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா ஆகிய ஏழு நாடுகளில் நடந்த அதன் முடிவுகள், 2015-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியாயின. இரண்டு குழந்தைகள் எதிரெதிரே உட்கார, இருவருக்கும் தின்பண்டம் பங்கு வைக்கப்படும். ஏற்பதா, மறுப்பதா என்பது ஒரு குழந்தையின் கையில். மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. தனக்குக் குறைவு, எதிரிலிருப்பவருக்கு அதிகம் என்றால் மறுக்கும் குணம் ஏழு நாடுகளிலும் காணப்பட்டது. தனக்கு அதிகம், மற்றவருக்குக் குறைவு என்றபோது, 'இது நியாயமில்லை' என்று மறுக்கும் குணமோ மூன்று நாடுகளின் மூத்த குழந்தைகளிடம்தான் தென்பட்டது. கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகியவையே அவை. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு சோதனையை வைத்து ஒரு தேசத்தை எடை போட்டுவிடக் கூடாதுதான். ஆனாலும் ஒன்று விளங்குகிறது. குறைந்தால் அழுவது எங்கும் தானாக வருகிறது. கூடினால் கூசுவது எல்லா இடத்திலும் தானாக வந்துவிடுவதில்லை. அதைச் சுற்றியிருப்பவர்கள்தான் கற்றுத் தர வேண்டும்.

தனிப் பந்தி போட்டது யார்?

நாம் கற்றுத் தந்தது என்ன? நெல்லைச் சீமையில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். 1925-ல் அந்த விவகாரம் காந்தியடிகள் வரை போயிற்று. தனிப் பந்தி கேட்டவர்கள் அந்தச் சிறுவர்கள் அல்ல, அவர்களைப் பெற்றவர்கள்!

தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் வாழ்ந்த காமராசர், முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் பள்ளிகளில் பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் சீருடையும் வந்தது. பசி தீர்ந்தது ஒரு பயன். ஒரே சோறு, ஒரே உடை என்று பிள்ளைகள் பழகியது அதற்குக் குறையாத பயன். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவிகித இடங்களை எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஒரே பெஞ்சில் உட்காரவைக்கச் சட்டத்தால் முடியும். பிறந்த நாள் விருந்துக்கு யாரை அழைப்பது என்பதைச் சட்டமா சொல்லும்? அது வீட்டில் முடிவாகிறது.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுடன் அவள் மகளும் வருகிறாள். இருவருக்கும் தனி டம்ளரில் காப்பி. "ஏம்மா, அவளுக்கு மட்டும் வேற டம்ளர்?" என்று வீட்டுக் குழந்தை கேட்கிறது. "உஸ், சும்மா இரு!" என்பதே பதில். மூன்றாம் முறை அது கேட்பதில்லை. தொல்லை விட்டது என்று தாய் நிம்மதி அடைகிறாள். விட்டது தொல்லையா? குழந்தையின் மனசாட்சியல்லவா வாய் மூடிக்கொண்டது!

பெற்றோர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். பலகாரத்தை ஒரு குழந்தை பிட்டு வைக்கட்டும். மற்றது முதலில் எடுத்துக்கொள்ளட்டும். தவறாக அடித்துவிட்டால், "என் மேல்தான் தப்பு" என்று குழந்தையிடம் சொல்லுங்கள், கௌரவம் குறைந்துவிடாது. அதிகப் பங்கு கிடைத்த குழந்தையிடம், "இது சரியா, நீயே சொல்" என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டம்ளர் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையென்றால், டம்ளரை மாற்றுங்கள்.

தனக்குக் குறைந்ததற்காகக் கூச்சலிடும் மக்கள் எந்த நாட்டிலும் உண்டு. பிறருக்குக் குறைந்ததற்காகக் குரல் கொடுப்பவர்கள்தான் ஒரு நாட்டின் செல்வம். அவர்கள் இப்போது நம் வீட்டுக் கூடத்தில், வடைத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.