பார்த்ததற்குக் கூலி



மாப்பிள்ளையின் காரில் ஒரு மாதமாக பிக்கப் இல்லை. சிக்னலில் நின்றால் இன்ஜின் உதறும். 'செக் இன்ஜின்' விளக்கும் எரிந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். பி0171 என்று வந்தது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றி 5,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் நாளே விளக்கு மறுபடி எரிந்தது.

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அவ்வளவுதான். ஏன் என்று அது சொல்லாது. காற்று எங்கோ கசிந்து உள்ளே போகலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். சென்சார் உண்மையைத்தான் சொன்னது, சொன்னவனையே மாற்றிவிட்டார்கள்! நம் ஊர்த் தறியில் ஓர் இழை அறுந்தால் பாவு முழுவதையுமா மாற்றுகிறோம்?

ஐயம்பேட்டை மெக்கானிக் ஒருவர் இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்கள் மேல் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். (தீப்பிடிக்கும் சரக்கு, நீங்கள் முயல வேண்டாம்.) ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் மாறியது. அங்கே வெடிப்பு. புதுக் குழாய் 150 ரூபாய்.

கூலி கேட்டேன். "பார்த்ததுக்கு என்ன சார், குழாய்க்கு மட்டும் கொடுங்க" என்றார். அதுதான் எனக்கு உறுத்தல். சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை. பிறகு பட்டறைக்காரர் சாமானை மாற்றாமல் என்ன செய்வார்?

வற்புறுத்தி 500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளைக்கு அது அதிகமாம்.