'ஜப்பான் வருது!' செய்தியைப் பார்த்து வீட்டை வித்தவங்க



ஆபீஸ் போற பஸ்ல போனைத் திறந்தா, 'சந்தையில் ரத்தக்களறி'ன்னு ஒரு நோட்டிஃபிகேஷன். அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள எஸ்ஐபி-யை நிறுத்திடலாமான்னு கை துறுதுறுக்குதா? அப்போ வாங்க, கொஞ்சம் பழைய பேப்பரைப் புரட்டிட்டு வருவோம்.

1942: ஜப்பான் விமானத்துல வந்தப்போ

1942 ஏப்ரல் 5-ல் கொழும்பு மேல ஜப்பான் குண்டு போட்டது. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்து மெட்ராஸ்தான்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. கூண்டு உடைஞ்சு வெளியே வந்துடுமோன்னு, மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம், புலியைக்கூட சுட்டுட்டாங்க.

கொடைக்கானலுக்கு மேல, பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டிப் போனா கிளாவரை. மலைப்பூண்டு விளையுற கடைக்கோடி ஊர். அதுக்குப் பக்கத்துக் காட்டுக்குள்ள, பேரிஜத்துல இருந்து டாப் ஸ்டேஷன் வழியா மூணாறு போற ஒரு பழைய ரோடு இருக்கு. மெட்ராஸ் விழுந்தா இந்த மலையைத் தாண்டி கொச்சிக்குத் தப்பிச்சிடலாம்னு வெள்ளைக்காரங்க போர்க்காலத்துல தயார் பண்ணி வச்ச வழி. பேரே 'எஸ்கேப் ரோடு'!

அந்தச் செய்தி முழுசா பலிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? பூண்டுத் தோட்டத்துக்கு நடுவுல தலைமைச் செயலகம். தி.நகர் நகைக்கடை எல்லாம் பூம்பாறை பஸ் ஸ்டாப்புல. மன்னவனூர்ல ஒரு கிரவுண்டு அஞ்சு கோடி, அதுக்கு முப்பது வருஷ இஎம்ஐ. நீங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கிளாவரை ஐடி பார்க்குல லாகின் பண்ணுவீங்க. மதியம் கேன்டீன்ல மலைப்பூண்டு போட்ட ராமென். லாங் வீக்கெண்ட் வந்தா மட்டும், 'யாருமே இல்லாத மெரினா'ன்னு ரீல்ஸ்.

நிஜத்துல நடந்தது? 1943 அக்டோபர்ல ஒரே ஒரு ஜப்பான் விமானம் வந்து, துறைமுகம் பக்கம் சில குண்டுகளைப் போட்டுட்டுப் போச்சு. அவ்வளவுதான். எஸ்கேப் ரோட்டுல யாரும் எஸ்கேப் ஆகவே இல்லை. இன்னைக்கு அதைக் காடு மூடிடுச்சு.

பயந்தவங்க முட்டாள் இல்லை

பயந்ததுக்குக் காரணம் இருந்துச்சு. அந்த பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சுல ரங்கூன். பர்மாவுல இருந்த நம்ம ஆளுங்க சொத்தையெல்லாம் விட்டுட்டு நடந்தே வந்தாங்க. மலாயாத் தமிழர்கள் கையில ஜப்பான்காரன் திணிச்ச 'வாழைமர நோட்டு', 1945-ல் வெறும் காகிதமாச்சு. சில தலைப்புச் செய்தி பலிக்கவும் செய்யும்.

அதனால, 'நியூஸே பார்க்காதீங்க'ங்கிற அட்வைஸ்ல எனக்கு உடன்பாடு இல்லை. மெட்ராஸ்ல அன்னைக்கு ரெண்டு வகை ஆளுங்க இருந்தாங்க. குடும்பத்தைச் சொந்த ஊருக்கு அனுப்பிட்டு வீட்டைப் பூட்டினவங்க. கிடைச்ச விலைக்கு வீட்டை வித்தவங்க. ரெண்டு பேருக்கும் பயம் ஒண்ணுதான். பூட்டினவங்க திரும்பி வந்து கதவைத் திறந்தாங்க. வித்தவங்களுக்குத் திறக்க கதவே இல்லை.

1989: ஜப்பான் செக் புக்கோட வந்தப்போ

இந்தத் தடவை தலைப்பு பயம் இல்லை, பேராசை. நியூயார்க்ல ராக்ஃபெல்லர் சென்டரையே ஒரு ஜப்பான் கம்பெனி வாங்குது. உலகத்தையே வாங்கிடுவாங்கன்னு பேச்சு. அந்த டிசம்பர்ல நிக்கேய் குறியீடு 38,915. அதை நம்பி மொத்தப் பணத்தையும் போட்டவருக்கு அந்த உச்சத்தைத் திரும்பப் பார்க்க 2024 பிப்ரவரி வரை ஆச்சு. 34 வருஷம்! 25 வயசுல போட்டிருந்தா 59. 'லாங் டேர்ம்ல எல்லாம் ஏறிடும்'னு கண்ணை மூடிக்கிட்டு சொல்றவங்களுக்கும் இது ஒரு பாடம்.

நம்ம ஊர் தலைப்புகள்

- 2020 மார்ச் 23: சென்செக்ஸ் ஒரே நாள்ல 3,900 புள்ளிகளுக்கு மேல சரிஞ்சு 25,981. பத்து மாசத்துல, 2021 ஜனவரி 21-ல், 50,000-ஐத் தொட்டது.
- 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள்: 4,390 புள்ளி அவுட். ஜூன் 7-ல் புது உச்சம். மூணே நாள்!

இங்க ஒரு விஷயம் கவனிங்க. 2020-ல் அடிமாட்டு விலைக்கு வித்தவங்க எல்லாரும் பயந்து விக்கலை. வேலை போச்சு, சம்பளம் பாதியாச்சு, வாடகை கட்டணும், வீட்டுக்குப் பணம் அனுப்பணும். விக்கிறதைத் தவிர வேற வழி இல்லை. அவங்ககிட்ட போய் 'பொறுமையா இருந்திருக்கலாமே'ன்னு சொல்றது பெரிய அநியாயம். பொறுமைக்கும் காசு வேணும் பாஸ். பேங்க்ல ஆறு மாசச் செலவுக்குப் பணம் இருக்கிறவனாலதான் பொறுமையா இருக்க முடியும்.

சரி, என்ன பண்ணலாம்?

1. எஸ்கேப் ரோட்டை முன்னாடியே போடுங்க. ஆறு மாசச் செலவு, இஎம்ஐ-யும் சேர்த்து, எஃப்டி-யிலயோ லிக்விட் ஃபண்ட்லயோ இருக்கட்டும். அதைப் பயன்படுத்தாமலே காடு மூடிட்டா சந்தோஷப்படுங்க.
2. கம்பெனி இன்சூரன்ஸை மட்டும் நம்பாதீங்க. வேலை போற அன்னைக்கே அதுவும் போயிடும். சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி, உங்களை நம்பி ஆள் இருந்தா ஒரு டேர்ம் பாலிசி.
3. ஒரே இடத்துல கொட்டாதீங்க. ஒரு நாடு, ஒரு துறை, ஒரு ஷேர்னு எல்லாத்துக்கும் இது பொருந்தும்.
4. தலைப்பு வந்த அன்னைக்கு வாங்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம். ஏழு நாள் கழிச்சும் அதே முடிவு சரின்னு தோணினா, அப்போ பண்ணுங்க.

நாலையும் இன்னைக்கே முடிக்க வேண்டாம். இந்த மாசச் சம்பளம் வந்ததும் ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க: நாளைக்கே சம்பளம் நின்னா, ஒரு யூனிட்கூட விக்காம எத்தனை மாசம் ஓட்டுவீங்க? வர்ற நம்பர் மூணுக்குக் கீழ இருந்தா, புது ஃபண்டு தேடுறதை நிறுத்திட்டு முதல்ல ரோட்டைப் போடுங்க. அந்தக் கணக்கை எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோல பார்க்கலாம்.