வயசின் மேல் பழி போடாதீர்கள்

எழுபதைத் தாண்டிய ஒருவர் காலையில் எழுந்ததும் தள்ளாடினால், பேச்சு குழறினால், பாத்ரூமில் விழுந்தால், வீட்டில் வரும் முதல் வார்த்தை, "வயசாயிடுச்சுல்ல". வயசு பாவம், வாயில்லாத ஜீவன். எந்தப் பழியைச் சுமத்தினாலும் தாங்கிக்கொள்ளும். அந்த வாரத்தில் அவர் புதிதாக என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று யாராவது கேட்கிறோமா? பெரும்பாலும் இல்லை. இன்றைய பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வயதுக்காரர்களில் பலர் தூக்கத்துக்கோ படபடப்புக்கோ அல்பிரசோலம் மாதிரி ஒரு மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும் பெரிய டாக்டர். சளி, இருமல், காய்ச்சல் என்றால் யாரும் அவ்வளவு தூரம் பஸ் ஏறுவதில்லை. முத்துப்பேட்டையிலேயே ஒரு டாக்டரைப் பார்க்கிறோம். அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கை எழுதுகிறார். இரண்டும் தேவையான மருந்துகளாகவே இருக்கலாம். ஆனால் ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு மருந்தும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வது நம் உடம்புக்குள்தான்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கடைமடைக்காரர்களான நமக்கு வடிகால் தெரியும். வயலுக்குப் பாயும் தண்ணீர் அதேதான், ஆனால் வடிகால் அடைத்துக்கொண்டால் பயிர் மூழ்கிவிடும். தூக்க மாத்திரைகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் வடிகால், கல்லீரலிலும் குடல் சுவரிலும் இருக்கும் ஒரு நொதி. கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் அந்த நொதியை அடைத்துவிடும். நேற்றுச் சாப்பிட்ட அதே அரை மாத்திரைதான் இன்றும், ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகிறது.

இது யாரோ கிளப்பிவிட்ட வாட்ஸ்அப் செய்தி இல்லை. 1993-லேயே ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் சோதித்து எழுதியது. அல்பிரசோலத்தின் இனத்தைச் சேர்ந்த மிடசோலம் மாத்திரையை எரித்ரோமைசினோடு கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த மருந்து 4 மடங்குக்கும் மேல் கூடியது. அல்பிரசோலத்துக்கு அவ்வளவு இல்லை, எரித்ரோமைசினோடு சேர்ந்தால் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. எல்லோரும் இதனால் விழுந்துவிடுவதில்லை. இளவயதுக்காரர் ஒருநாள் கூடுதலாகத் தூங்கி எழுவார். எழுபதில் இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் நடமாட்டமே போய்விடலாம்.

முதுகுவலிக்கு டைசானிடின் கலந்த மாத்திரையை நம்மில் பலர் விழுங்கியிருப்போம். அதுவும் தூக்கம் தரும், ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். அதனோடு சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்தால் டைசானிடின் அளவு சராசரியாக 10 மடங்கு ஏறுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவ விதி. முதுகுவலி ஒரு டாக்டரிடமும், சிறுநீர்க் கடுப்பு இன்னொருவரிடமும் போனால் இந்த விதியை யார் பார்ப்பது?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பார்க்க வேண்டியவர் யார் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை அமலில் இருக்கிறது. அல்பிரசோலம், டயஸிபாம், சோல்பிடெம் போன்ற தூக்க மருந்துகளும், செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆண்டிபயாடிக்குகளும் அந்த ஒரே பட்டியலில் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அதோடு, 2015-இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள், பார்மசிஸ்ட் சீட்டைச் சரிபார்த்து, மருந்துகளுக்குள் வரும் மோதலையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கின்றன.

நடப்பது என்ன? சீட்டை நீட்டுகிறோம், அட்டையைக் கத்தரித்துக் கவரில் போடுகிறார்கள், "காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு", அவ்வளவுதான். பல கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்கும், அதற்குரியவர் இருக்கமாட்டார். கூட்டம் அதிகம், நேரமில்லை என்கிறார்கள். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்க எத்தனை விநாடி ஆகும்? பாக்கிச் சில்லறைக்குப் பதில் எந்தச் சாக்லேட் கொடுக்கலாம் என்று யோசிக்க நேரம் இருக்கிறதே!

அந்தக் கேள்வி வந்தால் வழியும் உண்டு. அசித்ரோமைசின் அந்த நொதியைப் பெரிதாக அடைப்பதில்லை. லோரசிபாம் வேறு வழியாக வெளியேறுகிறது. எதை மாற்றுவது, எதைக் குறைப்பது என்பதை டாக்டர் முடிவு செய்வார். அவருக்குத் தெரிந்தால்தானே செய்வார்?

வடிகால் அடைபடுவதுபோல அகலமாவதும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், தூக்க மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். தூக்கம் வரவில்லையே என்று சிலர் தாங்களாகவே ஒன்றை இரண்டாக்குவார்கள். காசநோய் மருந்து முடிந்து சில வாரங்களில் வடிகால் பழைய அளவுக்குத் திரும்பும். அப்போது அந்த இரண்டு மாத்திரையே ஆபத்து.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், டாக்டரிடமும் மருந்துக்கடையிலும் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள். தூக்க மாத்திரையைப் பயந்துபோய் நீங்களே சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்புவரை போகும். புது மருந்து ஆரம்பித்த பிறகு தள்ளாட்டமோ அளவுமீறிய தூக்கமோ வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். மருந்தின் பாதிப்பை நாமே புகாராகத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.

மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் உங்களிடம் சலுகை கேட்கவில்லை. சட்டம் உங்களைக் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேளுங்கள் என்கிறோம். நீங்கள் கேட்காத கேள்விக்கான பதிலை வயசின் கணக்கில் எழுதுவதை இனி ஒப்புக்கொள்ள முடியாது.