கத்தி எடுத்துத் தரும் கைக்கும் சான்று வேண்டும்!



மின்சார வேலையை மேற்பார்வை பார்க்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட, 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி பதிவு பெற்றவர் வேண்டும். நர்சுகளுக்கோ நமது மாகாணத்தில் 1926-லேயே பதிவுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் மயங்கிக் கிடக்கும் நோயாளியின் பக்கத்தில் நின்று, டாக்டரின் கையில் கத்தியை எடுத்துக் கொடுப்பவருக்கு? "யாராயிருந்தா என்ன?" என்றே நாம் நெடுங்காலம் இருந்துவிட்டோம். இது நியாயமா?

ஓ.டி. டெக்னீஷியன் என்றால் டாக்டருக்கு எடுபிடி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என் அக்கா டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் அந்த வேலைதான் பார்க்கிறாள். அவள் சொல்லக் கேட்டவற்றை நம் பாஷையிலேயே சொல்கிறேன்.

மெக்கானிக்கல் நண்பர்களே! கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்பது நீங்கள் படிக்கிற நீராவிதான். 121 டிகிரி சென்டிகிரேடு, 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். உள்ளே இருக்கும் காற்று முழுதும் வெளியேறாவிட்டாலும், துணிப் பொட்டலங்களை நெருக்கி அடைத்தாலும் ஆவி உள்ளே இறங்காது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்; கிருமி மட்டும் உயிரோடு இருக்கும்.

எலெக்ட்ரிகல் நண்பர்களே! ரத்தக் கசிவை நிறுத்தும் டயத்தர்மி மெஷினில் மின்சாரம் நோயாளியின் உடம்பு வழியாகப் போய், தொடையில் ஒட்டிய தட்டு வழியாகத் திரும்புகிறது. அந்தத் தட்டு பாதிதான் ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? அத்தனை கரண்டும் சின்ன இடத்தில் குவிந்து தோலைச் சுட்டுவிடும். மயக்கத்தில் இருப்பவர் "ஐயோ" என்று கத்தக்கூட முடியாது!

இதற்கு மேல், வயிற்றைத் தைத்து மூடுமுன் பஞ்சு, துணி, ஊசி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். பத்து போனால் பத்தும் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் "சார், நில்லுங்க" என்று பெரிய டாக்டரிடமே சொல்லும் தைரியம் வேண்டும். நேற்று வந்து இன்று நிற்பவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

ஆனால் அக்காவின் மருத்துவமனையில் மேனேஜர் என்ன சொன்னாராம் தெரியுமா? "டிப்ளமோ எதுக்கும்மா? ஆறு மாசம் கூட நின்னா தானா வந்துடும். உனக்குக் கொடுக்கிற சம்பளத்துல ரெண்டு பசங்களை வச்சுக்குவேன்." இந்த ஒரு பேச்சில் நம் படிப்பின் மதிப்பும் போயிற்று, நோயாளியின் பாதுகாப்பும் போயிற்று.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2009-இல் கொலராடோ மாநிலத்தில் ஒரு தியேட்டர் டெக்னீஷியன், நோயாளிகளுக்கு வைத்திருந்த ஃபென்டனில் வலி மருந்தைத் திருடித் தனக்கே போட்டுக்கொண்டு, பழைய ஊசியில் உப்புத் தண்ணீரை நிரப்பி வைத்தது தெரியவந்தது. பல நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது. 2010-இல் அவருக்கு 30 ஆண்டு சிறை. அதே ஆண்டு அங்கே டெக்னீஷியன்கள் பதிவு செய்யச் சட்டமும் வந்தது. ஆனாலும் 2016-இல் அதே மாநிலத்தில் இன்னொருவர் அதே திருட்டில் பிடிபட்டார். அவர் பெயர் பதிவேட்டில் இருந்தது! வேறு மாநில மருத்துவமனைகளில் வேலையை விட்டு நீக்கப்பட்டதை மறைத்துப் பதிந்திருந்தார். ஆக, பெயரை எழுதிக்கொண்டால் மட்டும் போதாது. படிப்பு, தேர்வு, பழைய நடத்தை பற்றிய விசாரணை மூன்றும் சேர்ந்தால்தான் அது சான்றிதழ். டெக்சாஸ், நியூயார்க் போன்ற மாநிலங்கள் பயிற்சியும் தேர்வும் முடித்த சான்றைச் சட்டத்திலேயே கேட்கின்றன.

நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. 2021-இல் பாராளுமன்றம் துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பட்டியலில் தியேட்டர் டெக்னாலஜிஸ்டுகளும் உண்டு. மாநிலம்தோறும் கவுன்சில், பதிவேடு எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் நடைமுறை நத்தை வேகம்! 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு, அக்டோபர் 12-க்குள் அமல்படுத்துங்கள் என்று மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட வேண்டி வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தியேட்டர் வாசலில் "உன் பதிவு எண் என்ன?" என்று கேட்கிற அன்றைக்குத்தான் அது சட்டம்.

"இருபது வருஷமா கையால வேலை கத்துக்கிட்டவங்க என்ன ஆவாங்க? நடுத்தெருவில் நிற்பாங்களா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அவர்களை வெளியே தள்ளச் சொல்லவில்லை. டெக்சாஸிலும் நியூயார்க்கிலும்கூடச் சட்டத்துக்கு முன்பே வேலையில் இருந்தவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். நாம் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அவர்களுக்குச் சில ஆண்டு அவகாசம், குறைந்த கட்டணத்தில் தமிழிலேயே பயிற்சி, செய்முறைத் தேர்வு என்று வைக்கலாம். கைத்திறன் உள்ளவர்கள் செய்முறைத் தேர்வுக்கு ஏன் பயப்படப் போகிறார்கள்? புதிதாக வருபவர்களுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே சான்று கட்டாயம்.

இன்னொன்றிலும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். தகுதி என்ற பெயரில் "இனி டிகிரி மட்டும்தான்" என்று கதவைச் சாத்திவிடக் கூடாது. குறைந்தது 2000 மணி நேரம் படித்த டிப்ளமோவையும் அந்தச் சட்டம் ஏற்கிறது. அதை விட்டுக்கொடுக்கவே கூடாது!

"இது நம்ம பிராஞ்ச் இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். படித்த கைக்கும் படிக்காத கைக்கும் ஒரே கூலி என்றால் நாளை நமக்கும் அதே கதிதான். அதைவிட முக்கியம், அந்த மேசையில் என்றைக்காவது நம் அம்மாவோ தம்பியோ படுக்க நேரலாம். அப்போது பக்கத்தில் நிற்பவர் எண்ணத் தெரிந்தவரா, இல்லை சும்மா நிற்பவரா?

கேட்போம். பதிவு எண் கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம்!