படர்தாமரையும் கடைக் களிம்பும்

உயிரைப் பறிக்கும் வியாதிக்கு மட்டுமே அஞ்சிப் பழகிவிட்ட நாம், இடுப்பிலும் தொடையிடுக்கிலும் ஓயாது சொறிந்துகொண்டே வயலிலும் பட்டறையிலும் அலுவலகத்திலும் காலந்தள்ளும் எண்ணற்ற ஆண் பெண்களை நோயாளிகள் என்று எண்ணுவதில்லை; அவர்களும் தம்மை அவ்வாறு எண்ணிக்கொள்வதில்லை. ஆயினும் 2010-ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கு, உயிரைக் கொல்லாமல் வாழ்வை மட்டும் வாட்டும் நோய்களின் வரிசையில் சரும வியாதிகளுக்கு நான்காம் இடத்தைக் கொடுத்தது.

நம் போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் அவற்றுள் ஒரு பெரும்பங்கு படர்தாமரை என்னும் பூஞ்சை நோய்க்கு உரியது. வியர்வை உலராத இறுக்கமான ஆடை, பருத்த சரீரம், நீரிழிவு, ஒரே துண்டை வீட்டார் அனைவரும் மாற்றி மாற்றித் துவட்டிக்கொள்ளும் பழக்கம் ஆகியவை அதற்கு இடங்கொடுக்கும் காரணங்கள். அழுக்கானவர்க்கே இது வரும் என்ற எண்ணம் ஆதாரமற்றது. இருவேளை குளிப்பவரையும் இது விடுவதில்லை. எனினும் அந்த எண்ணம் உண்டாக்கிய வெட்கமே நோயாளியை வைத்தியரிடம் போகவிடாமல், மருந்துக்கடையில் தணிந்த குரலில் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்க வைக்கிறது.

என் அபிப்பிராயத்தில், இன்றைய பேரபாயம் தொடங்கும் இடம் அதுவே. அவர் கைக்கு வரும் களிம்பில் பூஞ்சைக்கொல்லியோடு, பெரும்பாலும் குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் போன்றதொரு வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை; பூஞ்சையை எதிர்த்துச் சருமம் நடத்தும் போராட்டத்தை மட்டுமே அடக்கிவிடுகிறது. திருடனைப் பிடிக்காமல், கூச்சலிடும் காவற்காரனைத் தூங்கவைப்பது போன்ற சிகிச்சை இது. இரண்டு மூன்று நாளில் சிவப்பு மங்கி அரிப்பு அடங்க, மகிழ்ந்த மனிதர் களிம்பை நிறுத்துகிறார். அடுத்த வாரமே அது முன்னிலும் அகலமாகப் படர்ந்து எழ, அதே களிம்பை மீண்டும் வாங்குகிறார். இவ்வாறு மாதங்கள் கழிந்தபின், தோல் மெலிந்து, வரிகள் விழுந்து, வட்ட வடிவம் கலைந்து, தேர்ந்த வைத்தியரே உற்றுப் பார்த்து மயங்கும் நிலையில் அவர் ஆஸ்பத்திரியை அடைகிறார். அதற்குள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது தொற்றியிருக்கும்.

முன்பெல்லாம் சில வாரங்கள் டெர்பினாஃபின் மாத்திரை உட்கொண்டால் தீர்ந்த நோய் இன்று பலரிடம் அதற்கு மசிவதில்லை. இந்தியர், நேபாளியர் ஆகியோரின் சருமத்திலிருந்து எடுத்த இத்தகைய பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சூட்டிய பெயரிலேயே நம் தேசத்தின் பெயரும் கலந்திருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. 2023-இல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. கண்டபடி பூசிய களிம்புகளுக்கு இதில் பங்குண்டு என்று சரும வைத்தியர்கள் பலர் கருதுகிறார்கள். நம் பெயரைத் தாங்கி உலகஞ்சுற்றப் புறப்பட்ட பொருள்களுள் பெருமைப்பட இயலாத ஒன்று இது.

சட்டம் இல்லாமலில்லை. 2018-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் பல ஸ்டீராய்டு களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளோடு சேர்த்துவிட்டது. ஆனால் சீட்டின்றியே அவற்றை வாங்குவது இன்றும் அரிதன்று. வாங்குபவரைக் கடிந்து பயனில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர் அவர். விற்பவரைக் கட்டுப்படுத்துவதோடு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சரும நோய்க்கென வாரத்தில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினால் கூலி கெடாமல் வைத்தியம் கிடைக்கும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு வீடாகச் சென்று பார்த்துவரும் ஊழியர்கள், சர்க்கரை நோயாளியிடம் உடம்பில் எங்கேனும் அரிப்பு உண்டா, என்ன களிம்பு பூசுகிறீர்கள் என்றும் சேர்த்துக் கேட்பதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை.