தாபரிப்பும் மறியலும்

தாபரிப்புப் பணம் செலுத்தத் தவறுபவனை மறியலுக்கு அனுப்பிவிட்டால் நீதி நிறைவேறிவிட்டது என எண்ணுவோர் நம்மிடையே பலர். 1889 ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச்சட்டம் நீங்கி, 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரும், நிலுவையான ஒவ்வொரு மாதக் கொடுப்பனவுக்கும் ஒரு மாதம் வரை மறியல் என்னும் விதி நிலைத்தே நிற்கிறது. கடுமையான விதிதான், ஆனால், மறியலில் இருப்பவன் உழைப்பதில்லை, பிள்ளைக்குப் பால்மா வந்து சேர்வதுமில்லை. சம்பளத்திலிருந்து அறவிடும் ஏற்பாடோ எழுதுவினைஞரை எட்டும், மீன்வியாபாரியை எட்டாது. அங்கெல்லாம் நிலுவையை நீதவானிடம் முறையிட வேண்டியவள் தாயே. நாட்கூலியை இழந்து, பஸ்ஸுக்கும் கொடுத்து அவள் வருவாள்; வழக்கோ தவணையிடப்படும். (இவ்விரகசியத்தைத் தவறும் தந்தையர் நன்கறிவர்!) தவறியவனைத் துரத்தும் வேலையைத் தவிப்பவளின் தலையில் சுமத்துவது எவ்வகை நியாயம்? பிள்ளைக்குரியதை அரசே முதலிற் கொடுத்து, பின்னர் தந்தையிடம் வரியைப்போல் அறவிடட்டும்.